இரண்டு சென்டிமீட்டர் பஞ்சு

போன வாரம் லூமா என்மேல் வழக்குப் போட்டிருக்கிறாள். அவளுடைய பெயருக்கும் புகழுக்கும் களங்கம் விளைவித்தேனாம். நோட்டீஸை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் லூமா நான்தான்.

நான்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டொரான்டோவில் இருபத்திரண்டாவது மாடியில் இருக்கும் சில்வர்மில் மியூசிக் நிறுவனத்துக்கு இதில் வேறு கருத்து உண்டு. அங்கே குளிரூட்டிய அறை ஒன்றில், இரும்புக் கம்பத்தில் செருகப்பட்டு ஒரு தையல் பொம்மை நிற்கிறது. தலை கிடையாது, கை கிடையாது. கழுத்தில் 'லூமா' என்று முத்திரை. என் மேடை உடைகள் எல்லாம் அதன்மேல் வைத்துத்தான் தைக்கப்படும். நிறுவனத்தைப் பொறுத்தவரை அதுதான் அசல். நான் அதன் நகல், அதுவும் சரியாக விழாத நகல்.

என் சொந்தப் பெயர் மார்னி கோவல். ஊர் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் கார்விக். ஊரில் ஒரு தானியக் கிடங்கு, இரண்டு தேவாலயம், ஒரு ஹாக்கி அரங்கம். அந்த அரங்கத்துக் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டே பாடியதை யாரோ படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அடுத்த மாதமே நிறுவனம் விமானச் சீட்டு அனுப்பியது. மார்னி என்றால் பாத்திரம் துலக்குகிற பெண்ணின் ஞாபகம் வருகிறது என்று பெயரை மாற்றினார்கள். நான் துலக்கிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன். வெளியே சொல்லிவிடாதே என்றார்கள். ஆறு மாதம் கழித்து எளிமைக்கு மவுசு வந்தபோது, எல்லாப் பேட்டியிலும் மறக்காமல் சொல்லு என்றார்கள். இரண்டுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தப் பொம்மை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டொரான்டோவுக்கு வரும் வழியில் விமான நிலையத்தில் ஒரு முட்டை சாண்ட்விச் தின்றேன். நான்கு நாள் படுக்கைக்கும் கழிவறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அளவெடுக்கப் போனேன். தையல் பிரிவின் ஃபிலோமினா போர்ச்சுகலிலிருந்து வந்தவள், வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். என்னைப் பார்த்ததும் ஊசியை எடுத்துவிட்டு, "சார், பொண்ணு பேயடிச்ச மாதிரி நிக்குது. ஒரு வாரம் சோறு தண்ணி இறங்கட்டும், அப்புறம் அளக்கலாம்" என்றாள்.

நிறுவனத் தலைவர் கேரிசன் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அற்புதம். இதுதான் லூமா. எழுதிக்க" என்றார்.

அன்று முதல் நான்கு வருஷம், அந்த சாண்ட்விச் எனக்குக் கொடுத்த உடம்பைத் துரத்திக்கொண்டு ஓடினேன். லட்சக்கணக்கான பெண்கள் ஏங்கும் உருவம் என்று பத்திரிகைகள் எழுதியதெல்லாம் அந்த முட்டையைப் பற்றித்தான். நான் ஒன்றும் பாவப்பட்ட பெண் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். பொம்மையை முதன்முதலாகப் பார்த்த அன்று அதன் பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. பொறாமையாக இருந்தது. தலையில்லாத ஒரு சாமான் மேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு அளவு. ஃபிலோமினா டேப்பைப் பிடிப்பாள், ஒரு குமாஸ்தா எழுதுவார், தன்னம்பிக்கைப் பிரிவின் தலைவி பெட்ரா லாங் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். நிறுவனத்தில் 'குண்டு' என்ற வார்த்தைக்குத் தடை. மனிதர்களின் மனம் புண்படும் அல்லவா? அதனால் எனக்கும் பொம்மைக்கும் உள்ள வித்தியாசத்தைத் 'தூரம்' என்று சொல்வார்கள். இடுப்பில் தூரம் இரண்டு. தொடையில் தூரம் மூன்று. பெட்ரா என் கையை அழுத்தி, கண்கலங்க, "லூமா கண்ணு, இந்த வாரம் நீ உன்கிட்டேர்ந்தே கொஞ்சம் தள்ளிப் போயிட்டம்மா" என்பாள்.

நானும் கண்கலங்கி, திரும்பி வந்துவிடுவதாக வாக்குக் கொடுப்பேன். அந்த வாரம் முழுக்க செலரிக் கீரைத் தண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

இந்த நிலைமையில்தான் புது ஆல்பம் வந்தது. அதன் பெயர் 'என்னை அளக்காதே'. பெண்களே, உங்கள் உடம்பு உங்களுடையது, எந்த அளவுகோலுக்கும் தலைகுனியாதீர்கள் என்பதுதான் அதன் முதல் பாட்டு. அதை ஒரு சனிக்கிழமை தொலைக்காட்சியில் நேரடியாகப் பாட வேண்டும். அதற்கென்று வெள்ளி நிறத்தில் ஒரு கவுன், பொம்மை மேல் வைத்துத் தைத்தது. திங்கள்கிழமை போட்டுப் பார்த்தேன். ஜிப் முதுகு நடுவில் நின்றுவிட்டது.

"ரெண்டு சென்டிமீட்டர்தான்" என்றாள் ஃபிலோமினா. "பொம்மைக்குச் சுத்திவர பஞ்சு வச்சுத் தைச்சு, கவுனோட தையலப் பிரிச்சு விட்டுட்டா முடிஞ்சுது. உலகத்துல எல்லாத் தையல்காரியும் செய்யறதுதான். ஒரு டீ குடிக்கிற நேரம்."

ஆனால் பொம்மையைத் தொட அனுமதி வேண்டும். புதன்கிழமை கூட்டம் போட்டார்கள். பதினோரு பேர். நீள மேஜையின் ஒரு பக்கம் பொம்மையை நிறுத்தினார்கள். அதற்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

சட்ட அதிகாரி முதலில் பேசினார். "ஒப்பந்தத்துல லூமான்னா யாருன்னு தெளிவா எழுதியிருக்கு. இணைப்பு மூணுல உள்ள அளவுகளைக் கொண்ட உருவம். அந்த அளவுகள் யார்கிட்ட இருக்கு? பொம்மைகிட்ட. எதிர்ல நிக்கிறவங்க யாருன்னு சட்டப்படி என்னால சொல்ல முடியல."

"நான் மார்னி" என்றேன்.

"அப்படி ஒருத்தரோட நமக்கு ஒப்பந்தம் இல்லையே" என்று அவர் குழம்பினார்.

விற்பனைப் பிரிவுக்காரர் என் தொடையைப் பற்றிப் பத்து நிமிஷம் அக்கறையோடு பேசினார். அவர் வீட்டிலும் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்களாம். பிறகு கேரிசன் எழுந்தார். எப்போதும் நெஞ்சில் கைவைத்துத்தான் பேசுவார்.

"லூமா, உன் உடம்பு மேல இந்தக் கம்பெனிக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? மரியாதை இல்லாட்டி வாராவாரம் அளப்போமா? எவனாவது ஒரு பொண்ணப் பாத்து, நீ இப்படி இருக்கணும், அப்படி இருக்கணும்னு சொன்னா எனக்கு ரத்தம் கொதிக்கும். அதுக்காகத்தான் இந்தப் பாட்டே. இந்தப் பாட்டு ஜெயிக்கணும்னா நீ அந்த கவுனுக்குள்ள போகணும். போயிட்டன்னா, அதுக்கப்புறம் எந்தப் பொண்ணும் எந்த கவுனுக்குள்ளயும் போக வேண்டியதே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன். பஞ்சு விஷயம் துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதுவரை நான் பொம்மையை நோக்கி நகர வேண்டும் என்று தீர்மானம். நடவடிக்கைக் குறிப்பை அச்சடித்து என்னிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியும் கொடுத்தார்கள். நிறுவனம் எதைச் செய்தாலும் குறிப்பு எழுதிவைக்கும். நான்கு வருஷப் பிரதிகள் என் அலமாரியில் கிடந்தன.

கூட்டம் முடிந்ததும் பெட்ரா என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

"பாட்டுல ஒருத்தன் வர்றான் இல்ல, 'கொஞ்சம் இளைச்சுட்டு வா, அப்புறம் காதலிக்கலாம்'னு சொல்றவன்? அவன் யாருன்னு டிவில கேப்பாங்க. நமக்கு ஒரு ஆள் வேணும்."

"அப்படி யாருமே சொன்னதில்லையே மேடம். இளைச்சுட்டு வான்னு சொன்னது நீங்கதான்."

"நாங்க ஆள் இல்லடா, நிறுவனம். நிறுவனத்தைத் திட்டிப் பாடினா யாருக்கு அழுகை வரும்? சரி, உனக்கு ஊர்ல ஒரு பையன் இருக்கான்ல?"

இருந்தான். வெண்டல் பிரிஸ்கோ. கார்விக் அரங்கத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். ஆட்டத்தின் இடைவேளைகளில், கீறல் விழுந்த பனித்தளத்தை அந்த வண்டியால் வழித்து, வெந்நீர் விட்டு, கண்ணாடியாக்கிவிட்டுப் போவான். கேன்டீன் ஜன்னல் வழியாக அவன் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துத்தான் காதலித்தேன். லூமா ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவோம். சந்தாவே கட்டாமல் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவன்தான்.

"உன் உடம்பப் பத்தி அவன் ஒரு தடவை கூட எதுவும் சொன்னதில்ல?" பெட்ரா விடவில்லை.

யோசித்தேன். முதல் தடவை வண்டியில் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டபோது, 'புடிச்சு உக்காரு, வண்டி சாயுது' என்றான். ஒரு டயரில் காற்றில்லை. அதையும் சேர்த்துத்தான் பெட்ராவிடம் சொன்னேன்.

பெட்ரா டயரைக் குறித்துக்கொள்ளவில்லை. "பாவிப்பய" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு வருஷமா இத மனசுல வச்சுக்கிட்டிருந்த!"

சனிக்கிழமை துணைக்குழு கூடவில்லை. ஒருவருக்குப் பல்வலி. ஃபிலோமினாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து என்னை கவுனுக்குள் தள்ளி ஜிப்பை ஏற்றினார்கள். ஏறும்போது விலாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சதையையும் சேர்த்துக் கவ்விக்கொண்டது. கத்த நேரமில்லை. பாடினேன். என்னை அளக்காதே, என்னை அளக்காதே என்று ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் ஜிப் கடித்தது. பாட்டு முடிந்ததும் பேட்டி.

தொகுப்பாளர் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்படிச் சொன்னது யாரு லூமா? சொந்த ஊர்ல நீங்க காதலிச்சவரா? ஐஸ் வண்டி ஓட்டறவருன்னு கேள்விப்பட்டோம்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு இழுத்தேன். ஜிப் இன்னும் கொஞ்சம் சதையைச் சேர்த்துப் பிடித்தது. கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது. தொகுப்பாளர் என் கையைப் பிடித்து, "புரியுது. எதுவும் சொல்ல வேணாம்" என்றார். நானும் எதுவும் சொல்லவில்லை. வலி ஒரு நிமிஷத்தில் குறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் எட்டு நிமிஷம் பேட்டி நடந்தது. அந்த எட்டு நிமிஷத்துக்கு ஜிப்பைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் ஞாயிறு. வெண்டல் கூப்பிட்டான்.

"மார்னி, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நான் ஒண்ணும் சொல்லலயே வெண்டல்."

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்று வைத்துவிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

பாட்டு முதலிடத்துக்குப் போனது. முன்பின் தெரியாத பெண்களெல்லாம் வெண்டலைத் திட்டி எழுதினார்கள். நான் என்ன செய்தேன்? மூன்று வாரம் செலரி தின்றேன். நடுவில், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெட்ராவிடம் போய் நின்றேன். அனுமதி கேட்டு!

"கேக்கலாம்மா, தாராளமா. ஆனா இப்ப இல்ல. மன்னிப்புதான் அடுத்த ஆல்பம். இப்பவே கேட்டுட்டா அப்ப எதை விப்போம்?"

அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். என்னை நம்பி ஒரு பூனையைக்கூட விட்டுப்போகக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை, கார்விக் ஹாக்கி மன்றத்தின் இணையப் பக்கத்தில் இரண்டு அறிவிப்பு பார்த்தேன். ஐஸ் வண்டி வெளியே வரும்போது கூச்சலிட வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்கிறோம் என்பது ஒன்று. அதன் கீழே: ஐஸ் வண்டிச் சவாரிக் குலுக்கலுக்கு இந்த வாரமும் சீட்டு எதுவும் விற்பனையாகவில்லை.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில், குலுக்கலில் ஜெயித்தவர் வெண்டல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வண்டியில் சுற்றலாம். அதற்குச் சீட்டு வாங்காத ஆள் ஊரில் கிடையாது. பல் டாக்டர் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பார். அந்த இருக்கை மூன்று வாரமாகக் காலி. என்னால் காலி. மறுநாள் காலையில் நடவடிக்கைக் குறிப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை.

குலுக்கல் மேஜையில் திருமதி பாவ்லுக் உட்கார்ந்திருந்தாள். மன்றத்தின் செயலாளர். நான் கேன்டீனில் இருந்த காலத்திலேயே எண்ணெய் வீணாகிறது என்று என்னைத் திட்டியவள். முகத்தைப் பார்த்தாள், பிறகு சீட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"ரெண்டு டாலர். படிவம் நிரப்பணும். பேரு?"

"மார்னி கோவல்."

"எடை?"

பாப்கார்ன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாலைந்து கைபேசிகள் மேலே எழுந்தன. நான்கு வருஷப் பழக்கம், பேட்டிகளில் சொல்லச் சொன்ன எண் வாயில் தானாக வந்தது.

"நூத்திப் பதினெட்டு பவுண்டு."

திருமதி பாவ்லுக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது டிவிக்கு இல்லம்மா, வண்டிக்கு. பாரம் தெரியணும்."

இருபதாயிரம் பேர் முன்னால் பாடும்போதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"நூத்தி நாப்பத்தொம்பது" என்றேன்.

எழுதினாள். நான் காத்திருந்தேன். அந்த எண்ணுக்குப் பிறகு யாராவது என் கையைப் பிடிக்க வேண்டும், யாராவது கண்கலங்க வேண்டும், ஒருவர் எழுந்து நெஞ்சில் கைவைக்க வேண்டும். அப்படித்தான் எனக்குத் தெரியும்.

"எரநூத்தம்பது வரைக்கும் ஏறலாம்" என்றாள் திருமதி பாவ்லுக். "சொந்த ஊரு?"

"ஆன்ட்டி, இதே ஊர்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியணுமே."

முதல் இடைவேளை வந்தது. விற்றது ஒரே ஒரு சீட்டு. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. திருமதி பாவ்லுக் சீட்டைப் போட்ட வாளியை மைதானத்தின் ஓரத்துக்குத் தூக்கிவந்து, இரண்டு கையாலும் குலுக்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டு நன்றாகத் துழாவினாள். எடுத்துப் படித்தாள். ஜெயித்தவர் மைக்கில் பெயரைச் சொல்லி, யாருக்காவது வாழ்த்துச் சொல்வது வழக்கம். மைக்கை என்னிடம் கொடுத்தாள்.

"என் பேரு மார்னி" என்றேன். "டிவில நான் அழுதது ஜிப் கடிச்சதால. வெண்டல் என் உடம்பப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல. அவன் இல்லன்னு சொல்ல எனக்கு எட்டு நிமிஷம் இருந்துது. சொல்லல. பயந்துட்டேன். சொன்னவங்க யாருன்னு கேட்டா, இதுல எழுதியிருக்கு." பையைத் திறந்து, கைக்கு வந்த தாளைப் படித்தேன். "மார்ச் நாலு. தீர்மானம் ஆறு. லூமாவின் தொடைகள் குறித்து உறுப்பினர்கள் ஆழ்ந்த கவலை தெரிவித்தனர். தேநீர் இடைவேளை. தீர்மானம் ஏழு. பின்பக்கம் பற்றிய விவாதம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது."

மேல்வரிசையிலிருந்து பல் டாக்டரின் குரல் கேட்டது: "அப்ப மூணு வாரமா இந்தப் பையன நாம சும்மாவா திட்டிக்கிட்டிருந்தோம்?"

"அப்படித்தான் தெரியுது. உக்காருங்க" என்றாள் திருமதி பாவ்லுக்.

கதவு திறந்து வண்டி வந்தது. வெண்டல் இறங்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. மைக்கில் பேசியது உள்ளே அவனுக்குக் கேட்டிருக்கும். நான் ஏறி அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்தேன்.

"வெண்டல், நான்..."

"ஆட்டத்தோட ரெண்டாவது பீரியட் ஆரம்பிக்கப் பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு. பேசினா ஐஸ் வழிக்க முடியாது."

"என்னை மன்னிக்க வேணாம். நீ போனை மட்டும் எடு."

"மூணு வாரம், மார்னி. எங்கம்மா கடைக்குப் போறத நிறுத்திட்டாங்க." குறிப்புப் பையைக் காலடியில் வைத்தேன்.

"பெல்ட் போடு" என்றான்.

இழுத்தேன். எட்டவில்லை. கடைசியாக உட்கார்ந்தவர் யாரோ சின்ன ஆள். நான்கு வருஷப் பழக்கத்தில் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி இழுத்தேன். கோட்டுப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. டொரான்டோவில் பதினோரு பேருக்கும் செய்தி எட்டிவிட்டது போல.

"என்ன பண்ற?" வெண்டல் என் பக்கம் திரும்பினான். இந்தப் பக்கமாகக் குனிந்து, கொக்கியைப் பிடித்து, பட்டையை ஒரே இழுப்பில் தளர்த்திவிட்டான். கூட்டம் இல்லை, துணைக்குழு இல்லை, எத்தனை சென்டிமீட்டர் என்று அவன் பார்க்கவும் இல்லை.

"மூச்ச விடு" என்றான். "இறுக்குதா?"

விட்டேன். "இல்ல."

"புடிச்சு உக்காரு" என்று வண்டியைக் கிளப்பினான். "அந்த டயரை இன்னும் மாத்தல."